காலை வைத்தால் ஒரு பக்கம், எடுத்தால் மறுபக்கம்: இழுக்கும் காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் ஒரு பக்கமாக இழுக்கிறது என்றதும் நம்மில் பலர் நேராகப் போவது சக்கரங்களின் கோணங்களைச் சரிபார்க்கும் வீல் அலைன்மெண்ட் கடைக்குத்தான். பணம் கட்டி, அளவுத் தாளை வாங்கிப் பார்த்தால் எல்லா எண்களும் சரியாக இருக்கும். வெளியே வந்து முதல் சிக்னலில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் ஸ்டீயரிங் மறுபடியும் கையை விட்டு நழுவப் பார்க்கும். அலைன்மெண்ட் மெஷின் அளப்பது நின்றுகொண்டிருக்கும் காரை. வேகம் கூடும்போதும் குறையும்போதும் மட்டும் வருகிற இழுப்போ, விசை விழுந்தவுடன் இடம்பெயரும் ஏதோ ஓர் உறுப்பினால் வருவது. கார் நிற்கும்போது அந்த உறுப்பு தன் இடத்தில் ஒழுங்காகத்தான் இருக்கும். ஆகவே முதல் தவறு, அலைன்மெண்டில் தொடங்குவது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

இரண்டாவது தவறு, "எந்தப் பக்கம் இழுக்கிறது?" என்று மட்டும் கேட்பது. "எப்போது இழுக்கிறது?" என்ற கேள்விதான் பாதி விடையைத் தரும். எப்போதும் இழுக்கிறதா, ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டுமா, காலை எடுத்ததுமா, பிரேக் பிடித்தால்தானா என்பதைத் தனித்தனியாகக் கவனித்துச் சொல்ல வேண்டும். "சில நேரம் இந்தப் பக்கம், சில நேரம் அந்தப் பக்கம்" என்று மெக்கானிக்கிடம் சொன்னால் அவர் குழம்புவது இயல்பே. வேகம் கூட்டினால் இடம், காலை எடுத்தால் வலம் என்று சொன்னால், அவர் எந்தக் கருவியையும் எடுக்குமுன்னே தேடும் இடம் சுருங்கிவிடும்.

சோதித்துப் பார்க்கும் சாலையும் முக்கியம். மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். பர்மாவில் 1970 முதல் வலப்பக்கமாக ஓட்டுகிறோம். ஆகவே சாலை நம்மை எப்போதும் வலது ஓரத்துக்குத்தான் தள்ளும். ஜப்பானிலிருந்து வந்த கார்களில் ஓட்டுநரும் அதே வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார்; அவர் எடையும் அங்கேதான் விழும். மெல்ல வலப்பக்கம் விலகுவதை எல்லாம் பழுது என்று எடுத்துக்கொண்டால் நல்ல காரையும் பிரித்துப் போட வேண்டிவரும். தட்டையான, ஆளில்லாத இடத்தில் ஓட்டிப் பாருங்கள்.

அதற்கு முன் டயர். காற்றைக் காலையில், டயர் சூடாவதற்கு முன் அளக்க வேண்டும். ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஜப்பானியத் தாளில் 230 என்றிருந்தால் அது கிலோபாஸ்கல். நம் காற்றுக் கடைக் கணக்கில் அது சுமார் 33 பி.எஸ்.ஐ. டயர்மேல் சந்தேகம் இருந்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான். சுழலும் திசையை அம்புக்குறியால் காட்டியிருக்கும் டயர்களை மட்டும் அப்படி மாற்றக் கூடாது.

இனி முக்கியமான இடம். ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஒரு பக்கமும், காலை எடுத்தாலோ பிரேக் பிடித்தாலோ எதிர்ப்பக்கமும் கார் போனால், முதலில் பார்க்க வேண்டியது முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் ரப்பர் புஷ். டொயோட்டா புரோபாக்ஸ் போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில், வேகம் கூட்டும்போது சக்கரம் ஆர்மை முன்னால் தள்ளும், பிரேக் பிடித்தால் பின்னால் தள்ளும். புஷ் கிழிந்திருந்தால் அந்தச் சக்கரம் சிறிது முன்னும் பின்னும் நகர்ந்து, நகரும்போது சற்றே திரும்பியும் விடும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடாமலே ஒரு சக்கரம் தானாகத் திரும்புகிறது என்று பொருள். ஆர்ம்கள் பொருந்தியிருக்கும் சட்டமான சப்ஃபிரேமின் போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே குணம் தெரியும். பின்பக்கம் பட்டை வில் வைத்த பிக்அப்பில், வில்லை அச்சோடு பிணைக்கும் யூ-போல்ட் தளர்ந்தால் பின் அச்சே கோணலாகும். அப்போது முன்பக்கத்தை எவ்வளவு ஆராய்ந்தாலும் பயனில்லை.

புஷ்ஷைக் கண்ணால் மட்டும் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று விடுவதும் தவறு. சுமை இல்லாதபோது கிழிசலின் வாய் மூடியிருக்கும். கடப்பாரையால் நெம்பிப் பார்த்தால்தான் திறக்கும். நெம்பும்போது இடப்பக்க ஆர்மையும் வலப்பக்க ஆர்மையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் ஓரளவு அசைவதற்கே செய்யப்பட்டது. ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக அசைந்தால்தான் பழுது.

புதுப் புஷ் போட்ட சில மாதங்களிலேயே மறுபடி கிழிந்தால், பொருளைக் குறை சொல்லுமுன் போல்ட்டை எப்படி முறுக்கினார்கள் என்று கேளுங்கள். காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஆர்மின் போல்ட்டை இறுக்கிவிட்டால், காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்றுவிடும். பிறகு ஒவ்வொரு பள்ளமும் அதை மேலும் முறுக்கும். போல்ட்டைத் தளர்வாக மாட்டி, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பின்தான் முழுதாக இறுக்க வேண்டும். இதை மெக்கானிக்கிடம் வாய்விட்டுக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். பழைய கார்களிலிருந்து கழற்றி விற்கும் ஆர்ம் மலிவாகக் கிடைக்கும். இரும்பு பளபளப்பாக இருந்தாலும் அதிலுள்ள ரப்பருக்கும் அதே வயதுதான்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் கதை வேறு. கார் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துப் பிரேக்கைப் பிரிப்பது வழக்கம். பல நேரங்களில் அந்தப் பக்கம்தான் ஒழுங்காகப் பிடிக்கிறது. எதிர்ப்பக்கம் பிடிக்காததால் கார் திரும்புகிறது. மே முதல் அக்டோபர் வரை தேங்கிய நீரில் ஓடும் யாங்கோன் கார்களில் பிரேக் பேடுகளைச் சுழலும் டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் காலிபரின் வழுக்குக் கம்பிகள் துருப்பிடித்து இறுகுவது அதிகம். கம்பியைத் துடைத்து, கையில் கிடைத்த சாதாரண கிரீஸைத் தடவினால் ரப்பர் உறை உப்பி மறுபடி இறுகும். பிரேக்குக்கென்றே உள்ள சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். பேடுகளை ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் இழுப்பை விலை கொடுத்து வாங்குவதுதான். எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள்.

பலர் மறந்துவிடும் ஒன்று, பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸ். வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே ரப்பர் உப்பி வழியை அடைத்துவிடும். பிரேக் பிடித்தவுடன் அந்தச் சக்கரத்துக்கு அழுத்தம் தாமதமாகப் போகும். கார் எதிர்ப்பக்கம் இழுக்கும். காலை எடுத்த பின் அழுத்தம் திரும்பாமல் அதே சக்கரம் பிடித்துக்கொண்டே இருக்கும். அப்போது கார் அதன் பக்கமே இழுக்கும். இதைப் புஷ் பழுது என்று எடுத்துக்கொள்வது எளிது. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களின் அருகே கையைக் காட்டிச் சூட்டை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள், தோல் வெந்துவிடும். பிரேக் இழுப்பு திடீரென்று வந்திருந்தால், காரணம் தெரியும்வரை மண்டலே எக்ஸ்பிரஸ் சாலைக்குக் காரை எடுத்துச் செல்ல வேண்டாம். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அந்த வேகத்தில் போய்ச் சோதித்துப் பார்க்கும் பழுது அல்ல இது.

எல்லா இழுப்பும் பழுதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். முன்சக்கர இழுவைக் கார்கள் பலவற்றில் எஞ்சின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் இடது, வலது டிரைவ் ஷாஃப்ட்களின் நீளம் வேறுபடும். ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தால் சற்றே இழுப்பது அவற்றின் இயல்பு. முன்பு இல்லாமல் புதிதாக வந்திருந்தால், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் அமிழ்ந்திருக்கிறதா, முன் டயர்கள் இரண்டும் ஒரே அளவா என்று பாருங்கள்.

ஆடும் உறுப்புகளை எல்லாம் சரிசெய்த பிறகு அலைன்மெண்டுக்குப் போகலாம். டோ அளவை (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவை) மட்டும் திருத்திக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். டோ தவறினால் டயர் தேயும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். கார் ஒரு பக்கம் இழுப்பதற்குக் காரணமாகக் கூடியவை கேம்பர் (சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்திருப்பது), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்னோ பின்னோ சாய்ந்திருப்பது) அளவுகளில் இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாடுகள். அந்த இரண்டையும் தாளில் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.