கமடோர் 64ல் புரோகிராமை வேகப்படுத்தப் போகிறீர்களா? முதலில் பார்டரைப் பாருங்கள்

1980களின் வீட்டுக் கணினியான கமடோர் 64க்கு அசெம்ப்ளி (ப்ராசசரின் நேரடிக் கட்டளைகள்) எழுத வரும் புதியவர்களின் புரோகிராம்களைப் படித்தால், அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்துகள் வரிசையாக வருகின்றன. மறந்துபோன ஹாஷ் குறி, தப்பான முகவரி எல்லாம் ஒரு ராத்திரி அலைக்கழித்தால் தானாகப் பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அளக்காமல் கை வைப்பது

ஒருவர் தன் விளையாட்டு திக்கித் திக்கி ஓடுகிறது என்று கொண்டுவந்தார். அவருடைய சந்தேகம் முழுக்கத் திரையை நகலெடுக்கும் லூப் மேல். 40க்கு 25, ஆக 1000 எழுத்துகள். சாதாரண லூப்பில் எழுத்துக்கு 14 சைக்கிள் (ப்ராசசரின் கடிகாரத் துடிப்பு). அதை ஆயிரம் ஜோடிக் கட்டளைகளாக விரித்து 8க்குக் கொண்டுவந்திருந்தார். 6000 சைக்கிள் மிச்சம், 6000 பைட் மெமரி செலவு. விளையாட்டு அப்போதும் திக்கியது.

ஆடிப் பார்த்தால், ஸ்கோர் ஏற ஏற ஆட்டம் மந்தமாகிறது! ஸ்கோரைத் திரையில் காட்ட, ஒவ்வொரு ஃப்ரேமிலும் (திரையை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை வரையும் நேரம்) பத்துப் பத்தாகக் கழித்து இலக்கங்களைப் பிரித்திருக்கிறார். 5000 என்றால் முதலில் 500 முறை, அப்புறம் 50, அப்புறம் 5. ஒரு கழித்தலுக்குச் சுமார் 30 சைக்கிள் என்று வைத்தாலும் பதினாறாயிரத்தைத் தாண்டுகிறது. பிஏஎல் (ஐரோப்பா, இந்தியாவின் பழைய டிவி முறை) மெஷினில் ஒரு ஃப்ரேமுக்கு மொத்தமே 19,656 சைக்கிள்தான். அதுவும் பாதி நேரம் மாறவே மாறாத ஸ்கோருக்கு இந்தத் தண்டச் செலவு.

ஸ்கோரை டெசிமல் மோடில் (ப்ராசசர் பத்தடிமான இலக்கங்களாகவே கூட்டும் முறை) கூட்டி வைத்திருந்தால் பிரிக்கும் வேலையே இல்லை. (இன்டரப்ட் ரொட்டீனின் தொடக்கத்தில் அந்த மோடை அணைத்துவிடுங்கள். கமடோரின் ப்ராசசரான 6510 தானாக அணைக்காது.)

இதைப் பிடிக்க இரண்டே கட்டளை போதும். திரையைச் சுற்றியுள்ள பார்டரைக் கறுப்பாக்குங்கள். ரொட்டீனுக்கு முன்னால், பார்டர் நிறம் இருக்கும் முகவரியான 53280ல் ஒன்றைக் கூட்டுங்கள், முடிந்ததும் ஒன்றைக் குறையுங்கள். ரொட்டீன் ஓடும் நேரமெல்லாம் பார்டரில் வெள்ளைப் பட்டை தெரியும். எழுத்து வரிசை ஒன்றின் உயரம் 8 ஸ்கேன் வரி (படத்தின் ஒரு கிடைக்கோடு), வரிக்கு 63 சைக்கிள். ஆக, ஒரு வரிசை உயரத்துக்குப் பட்டை இருந்தால் சுமார் 500 சைக்கிள். அவர் திரையில் பட்டை கிட்டத்தட்ட மேலிருந்து கீழ்வரை நின்றது.

இதை முதலிலேயே செய்யச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். செய்வது மட்டும் லூப்பையெல்லாம் விரித்து முடித்த பிறகு. இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

விக் சிப்பை மறப்பது

எழுத்துகள் தெரியும் பகுதியில் 8 வரிக்கு ஒரு 'பேட் லைன்' வரும். அந்த வரியில், படத்தை வரையும் விக் சிப் ப்ராசசரிடமிருந்து 40 சைக்கிளுக்குக் குறையாமல் பிடுங்கிக்கொள்ளும், பேப்பரில் போட்ட கணக்கு உதைக்கும். பட்டையும் அங்கே கொஞ்சம் தடித்துத்தான் தெரியும். நேரம் பிசகக் கூடாத வேலையை மேல், கீழ் பார்டர் வரும் நேரத்துக்குத் தள்ளுங்கள்.

ஜீரோ பேஜில் கண்ட இடத்தில் எழுதுவது

ஜீரோ பேஜ் என்பது மெமரியின் முதல் 256 பைட். மெஷினுக்குள்ளேயே இருக்கும் பேசிக் மொழியும் கூட ஓடவேண்டும் என்றால் 251 முதல் 254 வரை மட்டும் எழுதுங்கள்.

பிஏஎல்லில் மட்டும் சோதிப்பது

என்டிஎஸ்சி (அமெரிக்காவின் பழைய டிவி முறை) மெஷினில் ஃப்ரேமுக்கு 17,095 சைக்கிள்தான். இங்கே மயிரிழையில் தப்பித்த கோட் அங்கே கட்டாயம் திக்கும். எமுலேட்டரில் மெனுவை மாற்றிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது.

பழைய பவர் சப்ளை

செருகவே செருகாதீர்கள். உள்ளே 5 வோல்ட் ரெகுலேட்டர் பழுதானால் வோல்டேஜ் எகிறி ரேம் சிப்புகள் போய்விடும்.