சேலத்தில் வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம்: போர் தண்ணீர் ரிப்போர்ட்டில் தொடங்குங்கள்

குளம் கட்டுவது என்று முடிவானதும் நம்மில் பலர் முதலில் பார்ப்பது டைல்ஸ் நிறம். அடுத்தது ஜேசிபிக்கு ஒரு போன். பம்ப், ஃபில்டர் எல்லாம் "வேலை முடியட்டும், கடையில் கேட்டு வாங்கிக்கலாம்" என்று கடைசிக்குத் தள்ளப்படும். சேலத்தில் இந்த வரிசை ஒத்துவராது. மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர், தரையில் தண்ணீரை உறிஞ்சும் மெயின் டிரெய்ன், தண்ணீர் திரும்பி வரும் ரிட்டர்ன் வாய்கள், லைட் பெட்டி எல்லாமே கான்கிரீட்டோடு சேர்ந்து புதைகிறவை. எந்தக் கருவி என்று தெரியாமல் கான்கிரீட் போட்டால் பிறகு உடைக்கத்தான் வேண்டும். கருவி எது என்பதை உங்கள் போர் தண்ணீர் சொல்லும். எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அடியில் இருக்கும் பாறை சொல்லும்.

கணக்குக்காக ஒரு குளத்தை வைத்துக்கொள்வோம். நீளம் 25 அடி, அகலம் 12 அடி. ஆழம் ஒரு முனையில் மூன்றரை, மறுமுனையில் நாலரை, சராசரி 4 அடி. மொத்தம் 1,200 கன அடி, அதாவது ஏறத்தாழ 34,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் என்றால் மூன்று லோடு. வீட்டுக்கு இது தாராளம். ஆறடி ஆழம் கேட்பவர்கள் யார் குளிக்கப் போகிறார்கள் என்று ஒருமுறை யோசியுங்கள். டைவ் அடிக்க ஆறடியும் பத்தாது.

படி 1: தண்ணீரைப் பரிசோதியுங்கள்

மேட்டூர் குடிநீரைக் குளத்துக்குத் திருப்புவதை மறந்துவிடுங்கள். போர் அல்லது டேங்கர் தண்ணீர்தான். இரண்டில் எதுவானாலும் ஒரு பாட்டில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ தனியார் லேபிலோ கொடுங்கள். பிஎச், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு), ஆல்கலினிட்டி, மொத்தக் கடினத்தன்மை, கால்சியம் கடினத்தன்மை, இரும்பு என ஆறையும் கேட்டு வாங்குங்கள்.

கால்சியத்தைத் தனியாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர் மேக்னசைட் வெட்டும் ஊர். மொத்தக் கடினத்தன்மையில் ஒரு பங்கு மெக்னீசியமாக இருக்கலாம். டைல்ஸ் மேல் வெள்ளையாகப் படிந்து, சுரண்டினாலும் போகாமல் நிற்பது பெரும்பாலும் கால்சியம். குளத்துக்குக் கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை இருக்கலாம். உங்கள் போர் தண்ணீர் தொடக்கத்திலேயே 500 காட்டினால் அதற்கேற்ற கருவி வேண்டும்.

இந்த எண் அங்கேயே நிற்காது, ஏறும். குளத்தின் பரப்பு 300 சதுர அடி. வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் இறங்கினால் 140 லிட்டர் போச்சு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், சுண்ணாம்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்ததை அதே போர் தண்ணீரால் நிரப்பினால், மழையைக் கணக்கில் சேர்க்காத பட்சத்தில், எட்டு மாதத்தில் கடினத்தன்மை இரட்டிப்பாகும். மொட்டை மாடி மழைநீரை வடிகட்டிக் குளத்துக்கு விட ஒரு பைப் போட்டுவைப்பதை நான் ஆடம்பரமாகவே நினைக்க மாட்டேன்.

இரும்பு இருந்தால் அது வேறு தலைவலி. குளோரின் போட்ட மறுநிமிடம் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். அப்படிப்பட்ட போர் என்றால் டேங்கர் தண்ணீரைச் சோதித்து அதில் நிரப்புங்கள்.

படி 2: இடம் பாருங்கள், பாறையைத் தட்டிப் பாருங்கள்

குளம் வரப்போகும் நாலு மூலையிலும் நடுவிலும் குழி போட்டுப் பாருங்கள். அழகாபுரம், கன்னங்குறிச்சிப் பக்கம் எல்லாம் மலையடிவாரம். மேலே இரண்டடி செம்மண், கீழே கடப்பாரை "டங்" என்று திரும்பும். பாறை இருப்பதைவிட ஆபத்து, பாதி பாறையும் பாதி கொட்டி நிரப்பிய மண்ணுமாக இருப்பது. குளத்தில் நிற்கப் போவது 34 டன் தண்ணீர். மண் பக்கம் அமுங்கும், பாறைப் பக்கம் அசையாது. நடுவில் விரிசல். குழியில் இப்படித் தெரிந்தால் இடத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைத்துக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

மூக்கனேரி போல ஏரிக்குப் பக்கத்து மனையில் சிக்கல் நேர்மாறானது. மழைக்குப் பின் நிலத்தடி நீர் மேலே வரும். அந்த நேரம் கழுவுவதற்காகக் குளத்தைக் காலி செய்தால், கீழிருந்து தள்ளும் தண்ணீர் மொத்தத் தொட்டியையும் தூக்கிவிடும். கீழிருந்து தள்ளும் நீரை உள்ளே விட்டு அழுத்தத்தைக் குறைக்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் வால்வைத் தரையில் வையுங்கள். மழைக்காலத்தில் காலி செய்யவே வேண்டாம்.

செப்டிக் டேங்கை விட்டுத் தள்ளி, நாலு மணி நேரமாவது வெயில் விழும் இடமாகப் பாருங்கள். மாமரத்தடி கூடவே கூடாது. சேலத்தில் இதைச் சொன்னால் கோபம் வரும், தெரியும். தை, மாசியில் பூ கொட்டும்போது ஸ்கிம்மர் கூடையை ஒருமுறை திறந்து பாருங்கள், கோபம் போய்விடும்.

அனுமதியை, வீட்டுக்கு பிளான் வாங்கிக்கொடுத்த இன்ஜினியரிடமே கேட்டுவிடுங்கள்.

படி 3: கருவி

வாங்கும் வரிசை ஃபில்டர், பம்ப், பைப். எல்லோரும் பம்பில் தொடங்கி, "ரெண்டு எச்பி போட்டா சீக்கிரம் சுத்தமாகும்" என்று ஆரம்பிப்பார்கள். ஆகாது. மணல் ஃபில்டரில் தண்ணீர் மெதுவாக இறங்கினால்தான் அழுக்கு நிற்கும். வேகமாகத் தள்ளினால் மணலைத் துளைத்துக்கொண்டு குளத்துக்கே திரும்பிவிடும்.

ஆறு மணி நேரத்தில் குளத்துத் தண்ணீர் முழுவதும் ஒருமுறை ஃபில்டர் வழியாகச் சுற்றி வரவேண்டும். 34,000ஐ ஆறால் வகுத்தால் மணிக்கு சுமார் 5,700 லிட்டர். 20 இன்ச் ஃபில்டர் இதைத் தாங்கும், ஆனால் தன் எல்லையில் ஓடும். 24 இன்ச் வாங்குங்கள், நிதானமாக ஓடும். அதற்கு மேல் 30 இன்ச்சுக்கும் போகாதீர்கள். மணலைக் கழுவ பேக்வாஷ் செய்யும்போது தண்ணீர் கீழிருந்து மேலே வந்து மணலைக் கிளப்ப வேண்டும். பெரிய ஃபில்டரில் சின்ன பம்பால் அது முடியாது. இந்த அளவுக்கு, குப்பை பிடிக்கும் முன்கூடை உள்ள முக்கால் எச்பி பூல் பம்ப் போதும். போரில் மிச்சமாகக் கிடக்கும் மோட்டாரைப் போடலாமா என்று கேட்காதீர்கள்.

மணல் 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் சிலிக்கா மணல். ஆற்று மணலும் எம்-சாண்டும் ஆகாது. பம்புக்கு வரும் பைப் 2 இன்ச், திரும்பிப் போவது ஒன்றரை இன்ச். பம்ப் அறையைக் குளத்து நீர்மட்டத்துக்குக் கீழே அமைக்க முடிந்தால் பம்ப் காற்று இழுக்காது. ஆனால் அந்த அறையில் மழைத்தண்ணீர் தேங்காமல் வெளியேற வழி வையுங்கள்.

மெயின் டிரெய்ன் ஒன்று போதும் என்று சொல்லும் ஆளிடம் வேலை கொடுக்காதீர்கள். இரண்டு வேண்டும், குறைந்தது மூன்றடி இடைவெளியில், ஒரே பைப்பில் சேரும்படி. ஒரே வாய் என்றால் குழந்தையின் முதுகோ தலைமுடியோ அதை அடைக்கும்போது பம்பின் முழு இழுப்பும் அங்கேதான் விழும். இரண்டு இருந்தால் மற்றது வழியாகத் தண்ணீர் வரும், பிடி தளரும்.

கிருமிநீக்கத்துக்கு வருவோம். கடைகளில் இப்போது உப்பு நீர் குளோரினேட்டரைத்தான் முதலில் காட்டுகிறார்கள். உப்பிலிருந்து தானே குளோரின் தயாரிக்கும், நல்ல கருவிதான். ஆனால் அதன் செல் தகடுகளில் கால்சியம் படியும். கடினத் தண்ணீரில் அதை அடிக்கடி ஆசிடில் கழுவ வேண்டும், கழுவக் கழுவத் தகட்டின் பூச்சு தேயும். கால்சியம் 400க்கு மேல் இருக்கும் வீட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். விலை குறைவு, ஆனால் அதுவே கால்சியத்தைக் கொண்டுவந்து போடும். நம் தண்ணீருக்கு டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரை பொருந்தும். பிஎச்சைக் கொஞ்சம் கீழே இழுக்கும், ஆல்கலினிட்டி கூடிய தண்ணீருக்கு அது வசதி. குறை என்னவென்றால் சயனூரிக் ஆசிடை விட்டுச்செல்லும். அது 50 பிபிஎம் தாண்டி ஏறிக்கொண்டே போனால் குளோரின் மந்தமாகும். அதனால் நடுநடுவே திரவ குளோரினுக்கு மாறுங்கள். திரவம் சேலத்து வெயிலில் வீரியம் இழக்கும், சின்ன கேனாக வாங்குங்கள்.

டிசிசிஏவையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பாத்திரத்தில், ஒரே கரண்டியில்கூடக் கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கும். ஆசிடைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை ஆசிடில் ஊற்றாதீர்கள்.

ஏணிக்கு ஒரு வார்த்தை. உருக்காலை இருக்கிற ஊர்க்காரர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றாலே துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை. பாத்திரத்துக்கு 304 சரி. குளோரினில் அதற்குப் புள்ளி புள்ளியாகத் துரு வரும். 316 என்று எழுதி வாங்குங்கள்.

படி 4: தோண்டுவது

சுவர், தரைக் கனம், சென்ட்ரிங் அடிக்க சுற்றிலும் இரண்டடி இடம் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 29 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மண் வெளியே வரும். தோண்டிய மண் உப்பும், அதனால் மூன்று யூனிட் லாரியில் ஒரு டஜன் லோடு போகும். கொட்டேஷனில் மண் வெட்டுக்கு ஒரு ரேட், பாறை வெட்டுக்கு ஒரு ரேட் எனத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். "மொத்தமா இவ்வளவுங்க" என்று பேசியவர், பிரேக்கர் மாட்டிய அன்று "இது கல்லுங்க, இது வேற கணக்குங்க" என்பார். பாறை அதிகமென்றால் ஆழத்தை அரை அடி குறைத்து, சுவரை தரைமட்டத்துக்கு மேல் அரை அடி ஏற்றிவிடுங்கள். வீட்டுப் பகுதியில் வெடி வைக்கும் பேச்சே வேண்டாம்.

படி 5: கான்கிரீட்

கம்பி இல்லாத கான்கிரீட்டான பிசிசி போட்டு, அதன் மேல் இரண்டு அடுக்குக் கம்பி வலை. தரையும் சுவரும் 8 இன்ச், எம்25க்குக் குறையாத கான்கிரீட். கம்பியின் கனமும் இடைவெளியும் இன்ஜினியர் வரைபடத்தில் உள்ளபடி. கவர் பிளாக் இல்லாமல் கம்பியைத் தரையில் படுக்கப் போட விடாதீர்கள்.

தரையை ஒரு நாளும் சுவரை இன்னொரு நாளும் போடுவார்கள். அந்த இணைப்பில்தான் கசிவு தொடங்கும். அங்கே பிவிசி வாட்டர் ஸ்டாப்பர் பட்டை பாதி தரையிலும் பாதி சுவரிலும் இருக்கும்படி நிற்கவேண்டும். கான்கிரீட் கொட்டும்போது அது மடங்கிப் படுத்துவிடும், ஒரு ஆள் பக்கத்தில் நின்று நிமிர்த்திக்கொண்டே இருக்கட்டும். பைப்புகளை அதற்கு முன்பே தண்ணீர் அடைத்து, பிரஷர் கேஜ் மாட்டிவிடுங்கள். முள் இறங்கினால் அன்றே கண்டுபிடிக்கலாம்.

கியூரிங் குறைந்தது 14 நாள். சேலம் சித்திரையில் சாக்கு போட்டு ஈரம் காயாமல் பாருங்கள். 28 நாள் கழித்து, பூச்சும் டைல்ஸும் இல்லாத வெறும் தொட்டியில் நிரப்பி ஒரு வாரம் விடுங்கள். இந்தச் சோதனையை "டைம் இல்லை சார்" என்று தாண்டச் சொல்வார்கள். தாண்டாதீர்கள்.

படி 6: டைல்ஸ், மின்சாரம், வேலி

வாட்டர்ப்ரூஃப் பூச்சுக்கு மேல் பூல் டைல்ஸ், சந்துகளில் எப்பாக்சி. ஒட்டி முடிந்ததும் ஒரு குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், பொள்ளலாகக் கேட்பதைப் பெயர்த்து ஒட்டச் சொல்லுங்கள். கரையில் கருப்பு கடப்பா வேண்டாம், மதியம் கால் வைக்க முடியாது.

லைட் 12 வோல்ட். பம்புக்கும் லைட்டுக்கும் மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, முறையான எர்த். வேலி நாலடி, கதவு தானாக மூடி மேலே தாழ் விழுவதாக. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் வேலி முடிந்த பிறகே தண்ணீர் விடுங்கள்.

ஏற்காட்டில் கட்டுபவர்களுக்கு

கட்டுவதற்கு முன் ஹாக்கா என்று சொல்லப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகளை விசாரியுங்கள். சரிவில் கீழ்ப்பக்கச் சுவர் வெளியே தெரியும், அதைத் தாங்கு சுவராக வடிவமைக்க வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். ஹீட் பம்பும் இரவில் மூடும் போர்வையும் இல்லாத குளம், வருடத்தில் பாதி நாள் பார்க்க மட்டும்தான்.

படி 7: முதல் நிரப்பு

நிரப்பியதும் பேக்வாஷ், பிறகு ரின்ஸ், பிறகு ஃபில்டர் நிலை. இந்த நிலைகளை மாற்றும் ஃபில்டர் வால்வின் கைப்பிடியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் பம்பை நிறுத்துங்கள், ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் கேஸ்கட் போய்விடும். சுத்தமான மணலில் கேஜ் காட்டும் எண்ணை ஃபில்டர் மேல் மார்க்கரால் எழுதுங்கள். அதற்கு மேல் 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் மறுபடி பேக்வாஷ். பிஎச் 7.2 முதல் 7.6, குளோரின் 1 முதல் 3 பிபிஎம். கடினத் தண்ணீருக்கு பிஎச்சை 7.2 பக்கமே வையுங்கள், படிவு குறையும்.

முதல் கோடையில் "குளம் ஒழுகுது" என்று சந்தேகம் வரும். ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணீரை நிரப்பிப் படிக்கட்டில் வையுங்கள். உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டத்தில் கோடு போட்டு, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில்தான். வெளிக்கோடு கூடுதலாக இறங்கியிருந்தால் பம்பை நிறுத்திவிட்டு இன்னொரு நாள் பாருங்கள். நிறுத்தியதும் கூடுதல் இறக்கம் நின்றுவிட்டால் ரிட்டர்ன் பைப்பைத் தேடுங்கள். நிற்காவிட்டால் லைட் பெட்டி, ஸ்கிம்மர் வாய், தரை-சுவர் இணைப்பு என்ற வரிசையில் பாருங்கள்.