பானங்களில் சேரும் சர்க்கரையைக் கணக்கிட்டுக் குறைப்பது எப்படி?

இனிப்புப் பானம் என்றதும் பலருக்கும் குளிர்பான பாட்டில்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால், குளிர்பானத்தை வாசலோடு நிறுத்திவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் வீடுகளிலும், காலையில் இரண்டு காபி, வேலையிடத்தில் இரண்டு டீ, பிள்ளைகளின் பாலில் இரண்டு கரண்டி சாக்லேட் பொடி என்று சர்க்கரை நாள்தோறும் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே எதையும் நிறுத்துவதற்கு முன், வீட்டில் யார் எதை எத்தனை முறை குடிக்கிறார்கள் என்பதை ஒரு நாள் முழுவதும் எழுதிப் பார்க்க வேண்டும்.

அளவுகோலை முதலில் வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம். தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில் அடங்கும். முழுப் பழத்திலும் வெறும் பாலிலும் இயல்பாக உள்ள சர்க்கரை அடங்காது. வெல்லமும் கருப்பட்டியும் கணக்கில் சேர வேண்டியவையே. நெடுஞ்சாலை ஓரமெங்கும் கருப்பட்டிக் காபிக் கடைகள் முளைத்த பிறகு, அதை மருந்துபோலக் குடிக்கும் வழக்கம் வந்துவிட்டது. கருப்பட்டியில் கொஞ்சம் தாதுச்சத்து உண்டு என்பது உண்மை. ஆனால் அதன் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான்.

இனி அளக்கலாம். தலைதட்டிய ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறக்குறைய 4 கிராம் இருக்கும்; நம் வீடுகளில் வழக்கமாகக் கூம்பாக அள்ளிப் போடும் கரண்டி 6 கிராமையும் தாண்டிவிடும். சமையலறைத் தராசு இருந்தால் உங்கள் கரண்டியை ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது நல்லது. தலைதட்டிய இரண்டு கரண்டி வீதம் நான்கு வேளை குடித்தால் 32 கிராம். அதாவது, ஆண்டுக்கு 11 கிலோவுக்கு மேல்.

கடையில் வாங்கும் பானத்துக்கு லேபிள் இருக்கிறது. அதில் 100 மில்லிக்கு எவ்வளவு என்பதை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடக் கூடாது. 100 மில்லிக்கு 11 கிராம் என்றால் சிறிதாகத் தோன்றும். 600 மில்லி பாட்டிலை ஒருவரே குடித்து முடித்தால் அது 66 கிராம். பாதாம் பால் போன்றவற்றில் மொத்தச் சர்க்கரையில் பாலில் இயல்பாக உள்ள சர்க்கரையான லாக்டோஸும் கலந்திருப்பதால், சேர்க்கப்பட்ட சர்க்கரை என்ற வரியைத் தனியே தேடிப் பார்க்க வேண்டும். மூலப்பொருள்கள் அளவில் கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் அச்சிடப்படுகின்றன. அதன் தொடக்கத்திலேயே சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், இன்வெர்ட் சிரப் போன்ற பெயர்கள் வந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. உறையின் முன்பக்கத்து வாசகங்களை நம்ப வேண்டாம். இந்திய உணவுச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்றொரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதால், அத்தலைப்பிலிருந்து பானங்களை நீக்குமாறு இணைய விற்பனைத் தளங்களை மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது.

குடிக்கும் சர்க்கரையைத் தனியாகக் கணக்கிடுவதற்குக் காரணம் உண்டு. ஒரு லட்டு தின்றால் அடுத்த வேளை கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவோம். அதே சர்க்கரையைக் குடித்தால் வயிறு நிறைந்த உணர்வு வருவதில்லை, எனவே அந்தக் கலோரி உணவின் மேல் கூடுதலாகச் சேருகிறது. சுக்ரோஸில் பாதியான ஃப்ரக்டோஸைப் பெரும்பாலும் கல்லீரலே கையாள்கிறது. அளவு மிகும்போது அது அங்கேயே கொழுப்பாக மாறி, இன்சுலின் சரிவர வேலை செய்வதைக் கெடுக்கிறது. யூரிக் அமிலம் உயர்வதற்கும் இதில் பங்குண்டு. நாளுக்கு ஒன்றிரண்டு முறை சர்க்கரைப் பானம் அருந்துவோருக்கு, அரிதாக அருந்துவோரைவிட இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 26 சதவீதம் அதிகம் என்று பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2010-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கண்டது. இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் குளிர்பானங்களைப் பற்றியவை என்றாலும், டீயில் கரைந்த சர்க்கரையை உடல் விட்டுக்கொடுத்துவிடும் என்று நினைக்க இடமில்லை. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது.

குறைப்பதில் அவசரம் வேண்டாம். ஒரே நாளில் நிறுத்துபவர்கள் பெரும்பாலும் பத்தாம் நாள் பழைய கரண்டிக்கே திரும்பிவிடுகிறார்கள். இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, ஓரிரு வாரம் நாக்கைப் பழகவிட்டு, பிறகு ஒன்றாக்கலாம். சர்க்கரை கசப்பை மறைக்கும் பொருள் என்பதால், அதைக் குறைக்கும்போது கசப்பையும் சேர்த்தே குறைக்க வேண்டும்: காபிக்கு டிக்காஷனைச் சற்றுக் குறைத்து ஊற்றலாம், டீத்தூளை நெடுநேரம் கொதிக்கவிடாமல், இஞ்சியோ ஏலக்காயோ தட்டிப் போட்டு இறக்கலாம். டீக்கடையில் "சர்க்கரை கம்மி" என்றால் எவ்வளவு கம்மி என்பது மாஸ்டரின் கையைப் பொறுத்தது. "சர்க்கரை இல்லாமல்" என்று கேட்டு, வேண்டுமானால் அரைக் கரண்டியை நாமே போட்டுக் கலக்கிக்கொள்வதுதான் நம்பகமான வழி.

தாகத்துக்குத் தண்ணீர், உப்பிட்ட நீர்மோர், சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறு ஆகியவை போதும். பழத்தைச் சாறாக்காமல் அப்படியே உண்ணலாம். ரோஸ் மில்க்கும் ஜிகர்தண்டாவும் திருவிழாவுக்கும் விருந்துக்கும் இருக்கட்டும். செயற்கை இனிப்பூட்டிகளை எடைக் கட்டுப்பாட்டுக்காகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது (அப்பரிந்துரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கானது அன்று). நாக்கு இனிப்பிலேயே பழகிக் கிடக்கும் என்பதால் எனக்கும் அவற்றில் ஈடுபாடில்லை.

இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மட்டும் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது. பானத்தில் சர்க்கரை குறையும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதால், மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். திடீரென வியர்த்து, கை நடுங்கி, ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால், 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். அந்த நேரத்தில் சர்க்கரை இல்லாத டயட் பானம் உதவாது.