விசுவாசத்தில் வளர: ஒரு சின்ன நோட்டும் பக்கத்து நாற்காலியும்

ஞானஸ்நானம் எடுத்த முதல் பத்து வருஷம் என் விசுவாசம் கூட்டத்துக்குக் கூட்டம்தான் உயிரோடு இருந்தது. எழுப்புதல் கூட்டம், உபவாசக் கூட்டம் என்று போய்வந்தால் மூன்று நாள் உள்ளம் அனலாக இருக்கும். நான்காம் நாள் வேலையிடத்தில் யாராவது ஒரு கடுஞ்சொல் சொன்னால் போதும், பழைய கோபக்காரி திரும்பி வந்துவிடுவாள். "ஆண்டவரே, எனக்குள் ஏன் எதுவுமே நிலைக்க மாட்டேன் என்கிறது?" என்று எத்தனையோ இரவு அழுதிருக்கிறேன்.

பதில் 2 பேதுரு முதல் அதிகாரத்தில் இருந்தது. விசுவாசத்தோடே தைரியத்தையும், தைரியத்தோடே ஞானத்தையும் என்று ஏழு காரியங்களை வரிசையாகச் சொல்லி, "கூட்டி வழங்குங்கள்" என்று முடிக்கிறார் பேதுரு. விசுவாசம் ஆண்டவர் தந்தது. அதோடு கூட்டுவது என் பங்கு. அந்த வரிசையின் கடைசி இரண்டைப் பாருங்கள்: சகோதர சிநேகம், அன்பு. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் தனியாகக் கற்றுக்கொள்ளவே முடியாதவை இவை. அதனால்தான் தினசரிப் பழக்கத்தையும் சபை ஐக்கியத்தையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

"பிரயாசப்பட்டால் கிருபை எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. பிலிப்பியர் 2:12-ல் "பிரயாசப்படுங்கள்" என்று சொன்ன பவுல், அடுத்த வசனத்திலேயே விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள். நம் உழைப்பால் அவருடைய அன்பைச் சம்பாதிக்கப் போவதில்லை. ஏற்கெனவே அன்புகூர்ந்தவரோடு பழகிப் பார்க்கப் போகிறோம்.

கொஞ்சமாகத் தொடங்குங்கள்

வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க ஒரு நாளைக்கு மூன்றுக்கும் மேல் வாசிக்க வேண்டும். நான் மூன்று முறை ஜனவரியில் தொடங்கி, மூன்று முறையும் லேவியராகமத்தோடு நின்றுபோனேன். நின்ற குற்ற உணர்ச்சியில் வேதத்தைத் திறக்கவே கூசியது. அதுதான் பெரிய நஷ்டம்.

அப்புறம் ஒரு மூத்த சகோதரி, "மாற்கு சுவிசேஷத்தை எடும்மா, ஒரு நாளைக்கு அரை அதிகாரம் போதும்" என்றார்கள். மாற்கில் 16 அதிகாரங்கள்தான். ஒரு மாதத்தில் முடிந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும், விட்டுப்போய் மறுபடி வருகிறவர்களுக்கும் நான் சொல்வதும் இதுவே. நேரத்தைப் புதிதாகத் தேடாதீர்கள். தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு வாசிப்பைச் சேர்த்துக் கட்டுங்கள். நான் பல் துலக்கியதும் நேராக வேதம் வாசிக்கிற நாற்காலிக்குப் போய்விடுவேன். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கும்.

வாசித்து முடித்ததும் இரண்டே வரி எழுதுங்கள். முதல் வரி, இன்று என்னைப் பிடித்து நிறுத்திய வார்த்தை. இரண்டாவது வரி, இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு காரியம். "அன்பாக இருப்பேன்" என்று எழுதாதீர்கள், அதைச் செய்தோமா இல்லையா என்று இரவில் சொல்ல முடியாது. "மதியம் அண்ணனுக்குப் போன் பண்ணுவேன், வீட்டு விவகாரத்தைப் பேச மாட்டேன்" என்று எழுதினால் சொல்ல முடியும். நான் அப்படி எழுதியது உண்மை, பண்ணியதும் உண்மை. ஐந்து நிமிஷப் பேச்சு, ஆனால் இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த பேச்சு.

பெயர் சொல்லி ஜெபியுங்கள்

உள்ளங்கை அளவு நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். இடதுபக்கத்தில் ஒரு பெயர், ஒரு விஷயம், தேதி. வலதுபக்கம் காலி. என்ன நடந்தது என்பதை எழுத அந்த இடம். ஞாயிறு ஆராதனை முடிந்து பேசும்போது யாராவது "ஜெபத்தில் நினைச்சுக்கோங்க" என்றால், சரி என்று தலையாட்டிவிட்டு மறந்துபோகிறவளாக இருந்தேன். இப்போது அவர்கள் எதிரிலேயே நோட்டை எடுத்து எழுதிக்கொள்கிறேன். அதைப் பார்க்கும்போதே அவர்கள் முகம் மாறும். நம் பாரத்தை ஒருத்தர் எழுதி வைக்கிறார் என்பதே பாதி ஆறுதல்.

ஒரு நாளைக்கு மூன்று பெயர் போதும். வியாழக்கிழமை வாக்கில் அவர்களில் ஒருவரிடம், "அந்தப் பரிசோதனை முடிவு வந்துதா?" என்று கேளுங்கள். ஜெபித்ததைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம், விசாரித்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய பக்கங்களைத் திருப்புங்கள். சில வலதுபக்கங்கள் நிரம்பியிருக்கும். சில இன்னும் காலியாகவே இருக்கும். என் நோட்டில் ஒரு பெயருக்கு எதிரே ஆறு வருஷமாகக் காலி. அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, புது நோட்டு வாங்கும்போதெல்லாம் அந்தப் பெயரை முதலில் எழுதுகிறேன்.

ஜெபிக்க முடியாத நாட்களில்

அம்மா இறந்த பிறகு நான்கு மாதம் எனக்கு ஜெபமே வரவில்லை. முழங்காலில் நிற்பேன், ஒரு வார்த்தையும் எழும்பாது. சபையிலிருந்து இரண்டு அக்காமார் வியாழன் சாயங்காலம்தோறும் வந்தார்கள். ஆறுதல் பிரசங்கம் ஒன்றும் இல்லை. ஒருவர் வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பார், இன்னொருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள், "அக்கா, எனக்கு விசுவாசமே போயிட்டுதோ என்று பயமா இருக்கு" என்றேன். "உனக்கும் சேர்த்து நாங்க விசுவாசிக்கிறோம், நீ சும்மா இரு" என்றார்.

மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனை, அதாவது உடல் முடங்கிப்போன ஒருவனை, நாலுபேர் இயேசுவிடம் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தில் வழியில்லாமல் கூரையைப் பிரித்து அவனைப் படுக்கையோடு இறக்குகிறார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் எழுதியிருக்கிறது. அவன் விசுவாசத்தைக் கண்டு என்று இல்லை. எத்தனையோ முறை வாசித்த பகுதி, அந்த வியாழக்கிழமைகளில்தான் எனக்கு விளங்கியது.

அதனால் வறண்ட நாட்களில் செய்ய வேண்டியது இது. சொந்த வார்த்தை வராவிட்டால் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், அதுவே ஜெபம். அதுவும் முடியாவிட்டால், நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். "நான் நல்லா இருக்கேன், ஸ்தோத்திரம்" என்று சிரித்து மறைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. உங்கள் படுக்கையைத் தூக்க நாலுபேர் வேண்டுமென்றால், நீங்கள் படுத்திருப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதாது

ஆராதனைக்குப் பதினைந்து நிமிஷம் முன்னதாகப் போங்கள், முடிந்ததும் பதினைந்து நிமிஷம் நில்லுங்கள். ஐக்கியம் பெரும்பாலும் அந்த அரைமணியில்தான் கட்டப்படுகிறது. வாரத்தில் ஒருநாள் வீட்டுக் கூட்டம் இருந்தால் அதில் சேருங்கள். பெரிய கூட்டத்தில் நீங்கள் வராதது யாருக்கும் தெரியாது. எட்டுப் பேர் கூடுகிற அறையில் உங்கள் இடம் காலியாக இருப்பது எல்லார் கண்ணிலும் படும். எபிரெயர் 10:24-ல் "ஒருவரையொருவர் கவனித்து" என்று சொல்லிவிட்டுத்தான் சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று அடுத்த வசனம் வருகிறது.

ஏதாவது ஒரு சின்ன ஊழியத்தைக் கையில் எடுங்கள். நாற்காலி போடுவது, பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுப்பது, நடக்கமுடியாத ஒரு ஐயாவை அழைத்து வருவது, எதுவானாலும் சரி. இரண்டு பேர் சேர்ந்து ஐம்பது நாற்காலியை மடித்து அடுக்கும்போது வருகிற நெருக்கம், எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் வராது.

காயம் பட்டால்

சபையில் காயம் வரும். மறைப்பதில் அர்த்தமில்லை. ஒரு பொறுப்பைக் குறித்து என்னைப் பற்றி நான் சொல்லாததைச் சொன்னதாக ஒருவர் பரப்பினார். நான் அவரிடம் போகவில்லை. மற்ற நாலுபேரிடம் போய்ப் புலம்பினேன், பிறகு சபைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். எட்டு மாதம். வீட்டிலேயே வேதம் வாசித்தேன், ஜெபித்தேன். ஆனால் அந்த மாதங்களில் நோட்டில் ஒரு புதுப் பெயர்கூட ஏறவில்லை.

மத்தேயு 18:15 தெளிவாக இருக்கிறது: நீயும் அவனும் தனித்திருக்கையில். முதலில் அவரிடம், தனியாக. எனக்குக் கைகொடுத்த வழி: சொல்லப்போவதைத் தாளில் எழுதி, அதில் "எப்பவுமே", "எல்லாருமே" என்று வருகிற வாக்கியங்களை அடித்துவிடுவது. மீதியை மட்டும் சொல்வது. அவர் பாதியை ஒத்துக்கொண்டார், பாதியை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பாதியை ஆண்டவரிடம் விடுவதற்கு எனக்கு இன்னொரு வருஷம் ஆனது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: உங்களையோ ஒரு குழந்தையையோ யாராவது துன்புறுத்துகிறார் என்றால் இது அதற்கான வழி அல்ல. அங்கே தனியாகப் போகாதீர்கள். பாதுகாப்பாக விலகி, உதவி கேளுங்கள், காவல்துறையிடம் போவதானாலும் தயங்க வேண்டாம்.

விட்டுப்போய்த் திரும்புகிறவர்கள் இயேசுவின் சீஷனாகிய தோமாவை நினைத்துக்கொள்ளுங்கள். உயிர்த்தெழுந்த இயேசு மற்ற சீஷர்களிடம் வந்த முதல் ஞாயிறு அவன் அவர்களோடு இல்லை, அவர்கள் சொன்னதை நம்பவும் இல்லை. எட்டு நாளைக்குப் பின்பு, நம்பாமலேதான், அவர்களுடனேகூட இருந்தான். மற்றவர்களும் அவனுக்குக் கதவைச் சாத்தவில்லை. இயேசு அங்கே வந்து அவனிடம் பேசினார்.

நான் திரும்பிப் போன அன்று பாட்டு தொடங்கிவிட்டது. கடைசி வரிசையில் ஒரு வயதான அம்மா பக்கத்து நாற்காலியில் பை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதை எடுத்துக் கீழே வைத்தார். இத்தனை நாள் எங்கே என்று கேட்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை நகர்த்தி இருவருக்கும் நடுவே பிடித்து, எந்த வரி பாடுகிறோம் என்று விரலால் காட்டினார்.