கூனிய முதுகும் சுருட்டிய துவாயும்

களுவாஞ்சிகுடியில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தையல் மெஷினின் மேல் குனிந்தே இருந்ததில், என் மேல்முதுகு வளைந்து, தோள்கள் முன்னால் விழுந்து, மாலையானால் இரு தோட்பட்டைகளுக்கும் நடுவில் எரிவு போன்ற நோ எடுக்கத் தொடங்கியது. எண்ணெய் பூசினேன், பிளாஸ்டர் ஒட்டினேன். அந்தச் சுகம் ஓரிரு மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை.

மட்டக்களப்பில் நான் பார்த்த இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) என்னைக் குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்தச் சொன்னார். அப்போது வளைவு குறைந்ததால், இது எலும்பின் அமைப்பில் வந்த கூனல் அல்ல, உட்காரும் முறையால் வந்தது என்றும், நெஞ்சுத் தசைகள் இறுகி முதுகுத் தசைகள் தளர்ந்திருக்கின்றன என்றும் விளக்கினார்.

எனக்கு மிகவும் உதவியது துவாய்தான். அதை இறுக்கமாகச் சுருட்டிப் பன்பாயில் வைத்து, தோட்பட்டைகளின் கீழ்நுனி மட்டத்தில் குறுக்காக வருமாறு மல்லாந்து படுத்து, தலையைக் கைகளால் தாங்கியபடி, மூச்சை விட்டுக்கொண்டே மேல்முதுகை மெல்லப் பின்னுக்கு வளைக்க வேண்டும். இடுப்பு வளையக் கூடாது. முதல் நாள் 'கடக்' என்ற சத்தம் கேட்டுப் பயந்துபோனேன். கதவு நிலையில் முழங்கைகளை ஊன்றி நெஞ்சை 30 விநாடி விரிப்பதும், இறப்பர் பட்டியை இழுத்துத் தோட்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பதும் நாள்தோறும் தொடர்ந்தன. சூட்டு ஒத்தடம் இதமாக இருந்ததே தவிர, வளைவை மாற்றியது பயிற்சிதான் என்பது என் கணிப்பு.

மெஷின் மேசையின் கால்களுக்குக் கீழே பலகைத் துண்டுகளை வைத்து உயர்த்தினேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தேன். மூன்றாவது மாதத்தில் நோ விட்டது. வளைவு முழுதும் போகவில்லை. பொங்கலுக்கு முன் ஓடர்கள் குவியும்போது நோவும் எட்டிப் பார்க்கிறது, துவாயும் மீண்டும் பாய்க்கு வருகிறது.