இரண்டாம் மேல்முறையீடு: சட்டக் கேள்வியில் வழக்கைத் தொலைக்காதீர்கள்

சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ எஸ்.ஏ. வழக்குகள், அதாவது விசாரணை நீதிமன்றமும் முதல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் முடிவு சொன்ன பிறகு வரும் இரண்டாம் மேல்முறையீடுகள், அட்மிஷனுக்கு (விசாரணைக்கு ஏற்பதா என்று முடிவு செய்ய) வரும் நாளில் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். இன்றைய சீனியர்கள் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகளை ஜூனியர்கள் வரி மாறாமல் செய்வது தெரியும். கோர்ட் கட்டணக் குறைவு, வக்காலத்தில் விடுபட்ட கையெழுத்து போன்றவற்றைப் பதிவுத்துறையே திருப்பி அனுப்பித் திருத்த வைத்துவிடும். அவற்றைப் பேச வேண்டியதில்லை.

சங்கதியை (நடந்தது என்ன என்ற விவரத்தை) சட்டக் கேள்வியாக வேடம் கட்டுவது

வழக்கையே காவு வாங்குவது இதுதான். 1976 திருத்தத்துக்குப் பிறகு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு விட்டுவைத்திருக்கும் வாசல் ஒன்றே ஒன்று: முக்கியச் சட்டக் கேள்வி. அது என்ன என்பதை மேல்முறையீட்டு மனுவிலேயே துல்லியமாக எழுதச் சொல்கிறது உட்பிரிவு 3. அப்படியொரு கேள்வி இருப்பதாக நீதிபதிக்குப் பட்டு, அதை அவர் வகுத்தால்தான் இறுதி வாதம் என்ற பேச்சே எழும்.

ஆனால் மனுவில் இருப்பது என்ன? “வாதியின் சுவாதீனத்தைக் (சொத்து அவர் கைவசம் இருந்ததை) கீழமை நீதிமன்றங்கள் நம்பாதது சரியா?” இது கேள்விக்குறி போட்ட புலம்பல். சுவாதீனம் யாரிடம் இருந்தது என்பது சங்கதி. அதை இரண்டு நீதிமன்றங்கள் ஒருமித்து முடிவு செய்துவிட்டன. “இதில் சட்டம் எங்கே?” என்று நீதிபதி கேட்பார். “சிட்டா, அடங்கலைப் பார்க்கவில்லை, மை லார்ட்” என்று பதில் வரும். மேல்முறையீடு தள்ளுபடியாகும், அடுத்த வழக்கை அழைத்துவிடுவார்கள். தனி நீதிபதியின் அந்தத் தீர்ப்பின் மேல் டிவிஷன் பெஞ்சுக்கும் (இரு நீதிபதிகள் அமர்வுக்கும்) போக முடியாது. 100-அ பிரிவு தடுக்கிறது. மிச்சம் உச்ச நீதிமன்றச் சிறப்பு அனுமதி மனு மட்டுமே. கட்சிக்காரருக்கு அந்தச் செலவு தாங்குமா என்று யாரும் யோசிப்பதில்லை.

எப்படி எழுத வேண்டும்? மூன்று துண்டுகள் வேண்டும்: எந்தச் சட்டப் பிரிவு, கீழமை நீதிமன்றம் அதை எப்படி மீறியது, அதனால் தீர்ப்பு எங்கே மாறியது. உதாரணமாக: “சான்றொப்பமிட்ட சாட்சிகளில் ஒருவர் உயிரோடும் சாட்சி சொல்லும் நிலையிலும் இருக்க, யாரையுமே விசாரிக்காமல், பதிவான உயில் என்பதற்காக மட்டும் அது நிரூபணமானதாகக் கொண்டு உரிமை விளம்புகை (சொத்து இன்னாருடையது என்ற அறிவிப்பு) வழங்கியது, 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் 68-ஆவது பிரிவுக்கு (2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 67-ஆவது பிரிவு) முரணா?” இதற்குப் பதில் சொல்ல யாருடைய வாக்குமூலத்தையும் மறுபடி எடைபோட வேண்டாம். அதுதான் அளவுகோல்.

1962-இல் சுனிலால் மேத்தா வழக்கில், சென்னை முழு அமர்வின் முந்தைய கருத்தை உச்ச நீதிமன்றம் பெரிதும் ஏற்றுக்கொண்டது. கேள்வி தரப்பினரின் உரிமையை நேரடியாகப் பாதிக்க வேண்டும். முடிவாகத் தீர்க்கப்படாததாகவோ, மாற்றுக் கருத்துக்கு இடம் தருவதாகவோ இருக்க வேண்டும். தீர்ந்துபோன சட்டத்தைக் கீழமை நீதிமன்றம் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாலும் கேள்வி எழும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று கேள்விகள் போதும். பதினைந்து எழுதினால் ஒன்றிலும் நம்பிக்கை இல்லை என்றே படும்.

“பெர்வர்ஸ்” என்ற ஒற்றைச் சொல்

கீழமை நீதிமன்றத்தின் முடிவு சாட்சியத்துக்கே முற்றிலும் முரணானது என்று சொல்லும் சொல் இது. எந்தச் சான்றாவணம் விடுபட்டது, எந்தக் குறுக்கு விசாரணை வரி திரிக்கப்பட்டது, டைப்ட் செட்டில் (தட்டச்சு செய்து தாக்கல் செய்யும் ஆவணத் தொகுப்பில்) எந்தப் பக்கம்? இவை இல்லாமல் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

வகுத்த கேள்வியை விட்டு வாதாடுவது

இறுதி விசாரணை வர ஆண்டுகள் ஆகலாம், நீதிபதியும் மாறியிருப்பார். ஆனாலும் வாதம் வகுத்த கேள்விக்குள்தான். புதுக் கேள்வி வேண்டுமென்றால் முன்கூட்டியே மனுப் போடுங்கள். காரணத்தைப் பதிவு செய்துதான் நீதிமன்றம் அதைக் கேட்கும். எதிர்மனுதாரர் தரப்பில் இருந்தால், அந்தக் கேள்வி இந்த வழக்கில் எழவே இல்லை என்று வாதிட 100-ஆவது பிரிவின் உட்பிரிவு 5 உரிமை தருகிறது. அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு.

“அப்பீல் போட்டாச்சு, நிறைவேற்றம் நிற்கும்”

நிற்காது. அப்பீல் போட்டதாலேயே தீர்ப்பாணையின் நிறைவேற்றம் நிற்பதில்லை என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41 விதி 5.

25,000 ரூபாய்க்கு உட்பட்ட பண வழக்கு

இதற்கு இரண்டாம் மேல்முறையீடே கிடையாது. 102-ஆவது பிரிவைப் படித்துவிட்டு ஃபீஸ் வாங்குங்கள்.

காலக்கெடு

தீர்ப்பாணை தேதியிலிருந்து 90 நாள். நகலுக்கு ஆன நாட்கள் கழியும். நகல் மனுவே தாமதமாகப் போட்டால், அந்தத் தாமதம் கழியாது.

கிடப்பில் இருக்கும்போது இறந்துபோகும் எதிர்மனுதாரர்

வழக்கு காத்திருக்கும் ஆண்டுகளில் இது சகஜம். இறந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்காவிட்டால் அவரைப் பொறுத்து அப்பீல் தானாகவே அற்றுப்போகும். அதை நீக்க மேலும் 60 நாள். அதுவும் போனால் தாமத மன்னிப்பு மனு. பட்டியலில் வழக்கு வந்த பிறகு விசாரிப்பதைவிட, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு ஒரு போன் செய்து எதிர்த்தரப்பில் எல்லோரும் இருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.