மெர்சிடிஸ் 280 எஸ்.இ. 3.5 கேப்ரியோலெ: அரிய பழைய காரைச் சீரமைத்து விற்பது எப்படி?

1969 முதல் 1971 வரை மெர்சிடிஸ்-பென்ஸ் தயாரித்த 280 எஸ்.இ. 3.5 கேப்ரியோலெ (கூரையைத் திறந்து மூடக்கூடிய கார்), மொத்தமே 1,232 வண்டிகள். பால் பிராக் வரைந்த உடல், 200 குதிரைத்திறன் கொண்ட வி8 என்ஜின், துணிக் கூரை, வால்நட் மரப் பலகைகள். நல்ல நிலையில் உள்ள ஒன்று இன்று 2 லட்சம் யூரோவைத் தாண்டி விற்கிறது. அதனால்தான் போலிகளும் அதிகம். ஜெர்மனியில் இப்படி ஒரு வண்டியை வாங்கி, சீர்செய்து, விற்க நினைப்பவர்களுக்காக இந்தக் குறிப்பு. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே லாப நஷ்டத்தில் பாதி முடிவாகிவிடும் என்பதால் முதல் படியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

படி 1: எண்களைப் பாருங்கள்

சேஸிஸ் எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் வண்டியின் வகையைச் சொல்லும். 111.027 என்றால் அசல் 3.5 கேப்ரியோலெ. 111.026 என்றால் அது கூபே, அதாவது நிலையான கூரை கொண்ட இரண்டு கதவு வண்டி. யாரோ கூரையை அறுத்துத் திறந்த வண்டியாக்கி இருக்கிறார்கள். 111.025 என்றால் ஆறு சிலிண்டர் கேப்ரியோலெ. வி8 என்ஜின் பிற்காலத்தில் மாற்றிப் பொருத்தப்பட்டது. வெளியே பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும், விலையில்தான் பெரிய வித்தியாசம். அடுத்து வரும் இரண்டு இலக்கங்களில் 10 என்பது இடப்பக்க ஸ்டீயரிங், கையால் மாற்றும் கியர். 12 என்பது இடப்பக்க ஸ்டீயரிங், ஆட்டோமேட்டிக். வலப்பக்க ஸ்டீயரிங் என்றால் 20, 22.

இதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு வண்டிக்கும் தொழிற்சாலையில் எழுதிய தகவல் அட்டை ஒன்று உண்டு. என்ஜின் எண், பெயிண்ட் எண், தோல் இருக்கையின் நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். என்ஜினில் பொறித்த எண்ணை இந்த அட்டையோடு கடைசி இலக்கம் வரை ஒப்பிடுங்கள். இதே 3.5 லிட்டர் என்ஜின் அந்தக் காலத்து செடான்களிலும் வந்தது. ஆகவே வகை ஒத்துப்போனால் மட்டும் போதாது, எண்ணே ஒத்துப்போக வேண்டும். விற்பவர் அட்டையைக் காட்டத் தயங்கினால், அங்கேயே விடைபெற்றுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

படி 2: துருவைத் தேடுங்கள்

கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற இரும்புச் சட்டம், ஜாக் வைக்கும் இடங்கள், தரைத்தகடு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, முகப்பு விளக்கின் பின்பக்கம். இந்த ஐந்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒட்டாத இடத்தில் தகட்டின் மேல் கனமாகப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கதவைத் திறந்து மூடும்போது இடைவெளி மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருந்தால் உடல் தொய்ந்திருக்கலாம். கூரை இல்லாத வண்டியில் பாரத்தைத் தாங்குவது சில்தான்.

படி 3: கழற்றும்போதே பதிவு செய்யுங்கள்

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள். திருகுகளைத் தனித்தனிப் பையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். பழைய கிரோம் துண்டு, மரப்பலகை எதையும் தூக்கி எறிய வேண்டாம். அந்தந்த வண்டிக்கென்று கையால் பொருத்திச் சேர்த்தவை அவை. வேறு வண்டியிலிருந்து எடுத்தால் அப்படியே உட்காராது.

படி 4: வெல்டிங்

இதைத் தொடக்கக்காரர் சொந்தமாகச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் மேற்பார்வை உங்களுடையது. சில்லை வெட்டும் முன் கதவு நிலைகளுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து இறுக்கினார்களா, வண்டியின் எடை சக்கரங்கள் தாங்கும் இடங்களில் நிற்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் வெட்டிய கணமே உடல் வளைந்துவிடும். அப்புறம் கதவு ஒருபோதும் சரியாக மூடாது. பெயிண்ட் அடிக்கும் முன் கதவு, பானெட், டிக்கி எல்லாவற்றையும் மாட்டி இடைவெளியைச் சரிபாருங்கள். நிறம், தகவல் அட்டையில் உள்ள எண்ணாகவே இருக்கட்டும். பிடித்த நிறம் என்று மாற்றினால் விற்கும்போது விலையில் அடி விழும்.

படி 5: என்ஜினை எழுப்புதல்

பல வருடம் நின்ற வண்டியில் சாவியைத் திருகிவிடாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, என்ஜினின் சுழல் தண்டான கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பெட்ரோல் டேங்கைச் சுத்தம் செய்து ரப்பர் குழாய்களை மாற்றுங்கள். பிரேக் குழாய்களும் அப்படித்தான்; வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி அடைத்திருக்கும். இந்த என்ஜினில் இருப்பது போஷ் டி-ஜெட்ரானிக் என்ற மின்னணு எரிபொருள் அமைப்பு. என்ஜின் கறுப்புப் புகை விட்டு அதிக பெட்ரோல் குடித்தால், அழுத்த சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு விரிசல் விட்டதா என்று முதலில் பாருங்கள். வயர்களின் உறையும் உதிரத் தொடங்கியிருக்கும்.

உள்ளே தோலும் மரமும் கெட்டியாக இருந்தால் சுத்தம் செய்து விட்டுவிடுங்கள். அசலான சுருக்கத்துக்குத் தனி மதிப்பு இருக்கிறது.

படி 6: ஆவணமும் விற்பனையும்

ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்த, பெரும்பாலும் அசல் நிலையில் உள்ள வண்டிக்கு ஆய்வுக்குப் பின் எச் என்று முடியும் நம்பர் பிளேட் கிடைக்கும். அதற்கு வாகன வரி என்ஜின் அளவைப் பொறுத்ததல்ல, ஆண்டுக்கு ஒரே தொகை: சுமார் 191 யூரோ. பிறகு மதிப்பீட்டாளரிடம் எழுத்துபூர்வ அறிக்கை வாங்குங்கள். அவர்கள் 1 முதல் 5 வரை தரம் போடுவார்கள், 1 என்பதே சிறந்தது.

ஏலத்தில் விற்றால் வாங்குபவர்கள் உலகம் முழுவதிலும் இருந்து வருவார்கள், ஆனால் ஏல நிறுவனத்தின் கமிஷன் போகும். ஷ்டுட்கார்ட் ரெட்ரோ கிளாசிக்ஸ் போன்ற பழைய கார் கண்காட்சிகளில் விஷயம் தெரிந்தவர்களை நேரிலேயே பார்க்கலாம். முதல் முறை விற்பவருக்கு நான் கண்காட்சியைத்தான் சொல்வேன். எடுத்த படங்கள், ரசீதுகள், தகவல் அட்டை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். மாற்றிய பாகங்கள் ஒவ்வொன்றையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வண்டி யாருடையது என்பதற்கு ஆதாரமாகப் பார்க்கப்படும் பதிவு ஆவணத்தின் இரண்டாம் பகுதியை, முழுப் பணமும் உங்கள் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த பிறகே கையில் கொடுங்கள்.